வீசை, குழி, கவுளி: பழைய அளவுகளைப் படித்துப் பழக ஒரு வழிகாட்டி

கடலூர் முதுநகரில் ஒரு மண்டியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கும், பாகூர்ப் பக்கம் தாத்தா பெயரில் கிடக்கும் பத்திரத்தைப் பிரித்துப் பார்ப்பவருக்கும் வரும் சிக்கல் ஒன்றுதான். சொல் காதுக்குப் பழக்கம். அளவு மட்டும் பிடிபடாது. வீசை என்றால் எடை, குழி என்றால் நிலம் என்ற அளவுக்கு எல்லோருக்கும் தெரியும். எத்தனை கிலோ, எத்தனை சதுர அடி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அந்தப் பதில்கள் பெரும்பாலும் பொய்யல்ல. ஒரே பெயர் ஊருக்கு ஊர், சரக்குக்குச் சரக்கு, காலத்துக்குக் காலம் வேறு அளவைக் குறித்திருக்கிறது. அதனால் எந்தப் பழைய அளவைப் பார்த்தாலும் மாற்றுக் கணக்கில் இறங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்: என்ன சரக்கு? எந்த ஊர்? எந்த வருடம்?

முதலில் வருடம்

பழைய கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் தமிழ் வருடப் பெயர் இருந்தால் வேலை சுலபம். 60 வருடச் சுழற்சி என்பதால் ஒரு பெயருக்கு 60 வருட இடைவெளியில் இரண்டு மூன்று ஆண்டுகள் பொருந்தும். தாள், மை, ஆட்களின் பெயர் இவற்றை வைத்து எது என்று முடிவு செய்யலாம். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த 1954 நவம்பர் 1, ஜய வருடம் ஐப்பசி. இந்தியா முழுக்க நயா பைசா வந்த 1957 ஏப்ரல் 1, துன்முகி வருடம் பங்குனி. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1957 ஏப்ரலுக்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை. ‘14-10-0’ என்று எழுதியிருந்தால் 14 ரூபாய் 10 அணா 0 பை. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. 14 ரூபாய் 10 பைசா என்று படித்துவிடுகிறார்கள். பத்தணா என்றால் அறுபத்திரண்டரை பைசா. அடுத்த சில வருட நோட்டுகளில் அணாவும் நயா பைசாவும் கலந்து வரும். அப்போது 1 அணாவுக்கு 6, 2 அணாவுக்கு 12, 3 அணாவுக்கு 19, 4 அணாவுக்கு 25 நயா பைசா என்று முழு எண்ணாக்கி மாற்றினார்கள். கூட்டுத்தொகையில் ஒரு பைசா, இரண்டு பைசா இடித்தால் கணக்கப்பிள்ளையைக் குறை சொல்ல வேண்டாம். இந்த முழு எண்ணாக்கம்தான் காரணமாக இருக்கும்.

புதுச்சேரி நோட்டுகளில் 1954 வரை புழங்கிய ரூபாய், இந்தோசீனா வங்கி அச்சிட்டது. மதிப்பில் அது பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்குச் சமம். தனி மாற்று விகிதம் தேட வேண்டியதில்லை. வராகன், பணம், காசு என்று எழுதிய ஏடு கிடைத்தால் காலம் இன்னும் பின்னே போகிறது. சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இந்தக் காசையும் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்றுதான் எழுதினார்கள்; ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு சொல். நாணயத்தைக் குறித்த ‘கேஷ்’, போர்த்துகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்த நம் சொல்தான்.

எண்ணும் பின்னமும்

பழைய பேரேட்டில் தமிழ் எண்கள் இருந்தால் பதற வேண்டாம். ௧ என்பது க போலவும், ௨ என்பது உ போலவும், ௭ என்பது எ போலவும், ௮ என்பது அ போலவும் இருக்கும். பக்கத்தின் தலையில் தனியாக நிற்கும் ‘உ’ மட்டும் இரண்டு அல்ல, பிள்ளையார் சுழி. அதைத் தொகையோடு சேர்த்துக் கூட்டிவிடாதீர்கள்.

பழைய முறையில் பூஜ்யம் கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள். ௨௱௩௰௫ என்றால் 235. வெறும் ௱ இருந்தால் நூறு. அதற்கு முன் ௧ போட மாட்டார்கள். பிற்காலத்து ஆட்கள் ௨௩௫ என்று இன்றைய முறையிலும் எழுதியிருப்பார்கள். ஒரே நோட்டில் இரண்டும் கலந்திருக்கலாம் என்பதால் முதல் இரண்டு பக்கத்தைப் பார்த்து எழுதியவரின் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். இந்த நான்கும் தெரிந்தால் பாதிப் பக்கம் திறந்துவிடும்.

பின்னம்தான் இந்த ஏற்பாட்டின் உயிர். தமிழ்ப் பின்னங்கள் இரண்டு குடும்பம். ஒன்று பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போவது: அரை, கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16). மாகாணிக்கு வீசம் என்றும் பெயர். இன்னொன்று இருபதில் பிறந்தது: நாலுமா (1/5), மும்மா (3/20), இருமா (1/10), மா (1/20), அதில் காலான காணி (1/80). இரண்டு குடும்பமும் சந்திக்கும் இடத்தைப் பெயரே சொல்கிறது. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி: 1/20 + 1/80 = 5/80 = 1/16. காணியை மேலும் நான்காகப் பிரித்தால் முந்திரி, 1/320. இவ்வளவு சிறிய பின்னம் வரை பெயர் வைத்து, வாய்ப்பாடாக மனப்பாடம் செய்து, ஒரு திண்ணைப் பள்ளிப் பையன் மனக்கணக்காகப் போட்டான் என்பதை நினைக்கும்போதெல்லாம் மதிப்பு கூடத்தான் செய்கிறது.

நடைமுறைக்கு வருவோம். ரூபாயில் 16 பங்கு அணா என்பதால் ஒரு அணாவை மாகாணி என்றும், இரண்டணாவை அரைக்கால் என்றும், நாலணாவைக் கால் என்றும் எழுதியிருப்பார்கள். அரையே அரைக்கால் என்றால் பத்தணா. கால் என்பதன் குறி ‘வ’ போல இருக்கும். ‘எட்டேகால் லட்சணம்’ என்ற பழைய வசவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: எட்டு அ, கால் வ, சேர்த்துப் படித்தால் அவலட்சணம். மற்றக் குறிகள் பல கைபேசிகளில் வெறும் கட்டமாகத்தான் தெரியும். அதனால் நோட்டைப் படம் எடுத்துத் தாளில் அச்சிட்டு, பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே போவது நல்லது.

எடை: ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்பது

சென்னை மாகாணத்து எடை வாய்ப்பாடு இது. 3 தோலா ஒரு பலம். 8 பலம் ஒரு சேர். 5 சேர், அதாவது 40 பலம், ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. 20 மணங்கு ஒரு பாரம். அதையே கண்டி என்றும் சொல்வார்கள். தோலா 11.66 கிராம் என்பதால் பலம் 35 கிராம், வீசை 1.4 கிலோ, மணங்கு 11.2 கிலோ.

இப்போது இப்படி ஒரு வரி என்று வைத்துக்கொள்வோம்:

மிளகாய் மணங்கு ௨ வீசை ௩ பலம் ௨௰, வீசைக்கு அணா ௰௨ வீதம் ௹ ௰௪ அணா ௰

முதலில் எல்லாவற்றையும் விலை சொன்ன அலகுக்கு இறக்குங்கள். இங்கே விலை வீசைக்கு. 2 மணங்கு 16 வீசை. அதோடு 3 சேர்த்தால் 19. 20 பலம் அரை வீசை. மொத்தம் பத்தொன்பதரை வீசை. வீசைக்கு 12 அணா வீதம் 234 அணா. அதைப் பதினாறால் வகுத்தால் 14 ரூபாய், மீதி 10 அணா. நோட்டில் உள்ள தொகையும் அதுவே. எடையை இன்றைய கணக்கில் சொன்னால் 27.3 கிலோ.

இந்தச் சரிபார்ப்பை ஒருபோதும் விடாதீர்கள். விலையும் தொகையும் இருக்கும் ஒரு வரி, அந்த நோட்டின் வாய்ப்பாட்டைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். தொகை இடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மணங்கை. ரயில் ரசீதுகளில் வரும் மணங்கு 40 சேர், அந்தச் சேரும் 80 தோலா, ஆக 37.3 கிலோ. சென்னை மணங்கைப் போல மூன்றே கால் மடங்குக்கும் மேல். கண்டியிலும் இதே வில்லங்கம் உண்டு. சென்னைக் கண்டியை ஆங்கிலக் கம்பெனிகள் 500 பவுண்டு, அதாவது 226.8 கிலோ என்று எடுத்துக்கொண்டன. இன்றைக்கும் பஞ்சு விலை சொல்லும் கண்டி 784 பவுண்டு, ஏறத்தாழ 356 கிலோ. அது பம்பாய்க் கண்டி. பஞ்சு விலையைப் பேப்பரில் பார்த்துவிட்டுப் பழைய நோட்டின் கண்டியோடு ஒப்பிட்டால் கணக்கு எங்கோ போய்விடும்.

நகை அடகு நோட்டில் சவரன் வரும். இன்றைய கடைக் கணக்கில் சவரன் 8 கிராம். பெயர் கொடுத்த இங்கிலாந்து நாணயம் 7.988 கிராம், 22 காரட். அடகு வைத்தது நாணயமா, சவரன் எடை நகையா என்று வரியிலேயே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலம்: நான்கு மடங்கு தவறும் இடம்

மிளகாயில் தவறினால் நூறு ரூபாய் நட்டம். நிலத்தில் தவறினால் குடும்பம் கோர்ட் படி ஏறும். அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

புதுச்சேரியில் ஒரு குழி என்பது 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி: 57,600 சதுர அடி, 132 சென்ட். கடலூர்ப் பக்கத்துக் காணியும் இதே 132 சென்ட்தான். 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டு இருபத்துநான்கு சேர்ந்தாலும் இதே காணி வரும். கொள்ளிடம் தாண்டித் தஞ்சைக்குப் போனால் குழி 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடியாகச் சுருங்கிவிடும். அங்கே 100 குழி ஒரு மா (33 சென்ட்), 20 மா ஒரு வேலி. பெயரின் பிறப்பும் இங்கே தெரிகிறது: வேலியில் இருபதில் ஒரு பங்கு என்பதால்தான் அது மா.

டெல்டாவிலிருந்து பெண் எடுத்த குடும்பத்தில், மாமனார் சொல்லும் குழியும் மருமகன் சொல்லும் குழியும் ஒன்றல்ல. சரியாக நான்கு மடங்கு வித்தியாசம்.

பத்திரத்தில் 20 குழி என்று இருந்தால் செய்ய வேண்டியது:

1. சொத்து எந்தக் கிராமத்து எல்லையில் இருக்கிறது என்று பாருங்கள். எழுதிக் கொடுத்தவரின் ஊர் முக்கியமில்லை. நிலம் இருக்கும் ஊர்தான் முக்கியம். தவளக்குப்பம், பாகூர்ப் பக்கம் புதுச்சேரி ஊரும் தமிழ்நாட்டு ஊரும் பின்னிக் கிடப்பதால் இதைத் தீர்மானமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. புதுச்சேரிக் குழி என்றால் 53.5 ஆல் பெருக்குங்கள். சதுர மீட்டர் வரும். 20 குழிக்கு 1,070 சதுர மீட்டர். சென்ட் வேண்டுமென்றால் 1.32 ஆல் பெருக்குங்கள்: 26.4 சென்ட்.

3. பட்டாவைப் பாருங்கள். புதுச்சேரியில் பரப்பை ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று மூன்று கட்டமாக எழுதுவார்கள். பிரெஞ்சு அளவைமுறை விட்டுப்போன தடம் அது. ஒரு ஆர் 100 சதுர மீட்டர், ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். 1,070 சதுர மீட்டர் 0-10-70 என்று வரும். ‘ஆர்’ என்பதை ஏக்கர் என்று படித்துவிடாதீர்கள். ஒரு ஆர் இரண்டரை சென்டுக்குச் சற்றுக் குறைவு.

4. இரண்டும் ஒத்துவந்தால் சரி. பட்டாப் பரப்பு கால் பங்காகவோ நான்கு மடங்காகவோ வந்தால் யாரோ குழியை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று பொருள். கொஞ்சம் மட்டும் கூடக்குறைய இருந்தால் அளந்து பார்த்துத்தான் தீர வேண்டும். வரப்பு நகர்ந்திருக்கலாம், பாதைக்கு விட்டிருக்கலாம்.

5. ‘காணி ஒன்றுக்கு மேல் இருமா’ என்பது போல எழுதியிருந்தால், அந்த மா நிலத்தின் பெயரா அல்லது 1/20 என்ற பின்னமா என்று பார்க்க வேண்டும். பின்னமாக எடுத்தால் இருமா என்பது காணியில் பத்தில் ஒன்று, பத்துக் குழி. நான்கெல்லை நீள அகலமும் மொத்தக் குழியும் பத்திரத்தில் இருந்தால் அவற்றை வைத்து முடிவெடுங்கள். இல்லாவிட்டால் ஊகிக்காதீர்கள், தாய்ப்பத்திரத்தைத் தேடுங்கள்.

படியும் மரக்காலும்

2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு நாழி அல்லது படி. 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். ஆழாக்கிலிருந்து படி வரை எல்லாம் இரட்டிப்பு. இருப்பதைப் பாதி பாதியாகப் பங்கிட ஏற்ற ஏற்பாடு.

ஒரு படி எத்தனை லிட்டர்? சின்னப்படி, பெரியபடி, பட்டணம்படி என்று பலவகை உண்டு. அட்டவணையைப் பார்த்து மாற்றினால் ஏமாந்துபோவீர்கள். வீட்டில் படி இருந்தால் அதையே அளந்துவிடுங்கள். பழைய படிகள் ஒட்டில் கசியும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பையை மடிப்பு இல்லாமல் விரித்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை மட்டும் தராசில் வையுங்கள். ஒரு கிலோ ஒரு லிட்டர். இரண்டு முறை செய்து பார்த்து, பெயின்டால் அடியில் எழுதிவிடுங்கள்.

தானியம் அளக்கும்போது தலைதட்டி அளந்ததா, குவித்து அளந்ததா என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. வாய் அகன்ற மரக்காலில் குவியல் அதிகம் நிற்கும். ஒரே கொள்ளளவுள்ள ஒடுக்கமான மரக்காலில் குறையும். உயரத்திலிருந்து கொட்டினால் நெல் இறுகி இன்னும் கொஞ்சம் பிடிக்கும். குத்தகை நெல்லில் தகராறு வந்ததெல்லாம் பெரும்பாலும் இதில்தான். களத்தில் ‘லாபம், ரெண்டு, மூணு’ என்று எண்ணுவதைக் கேட்டால், லாபம்தான் ஒன்று. அதை எண்ணாமல் விட்டாலும், தனியாக ஒன்று கூட்டினாலும் ஒரு மரக்கால் இடிக்கும்.

இன்றும் புழங்கும் எண்ணிக்கைகள்

வெற்றிலைக்குக் கவுளி: 100 இலை. கட்டைப் பிரிக்காமல் வாங்கினால் நடுவில் பொடி இலை இருக்கிறதா என்று ஓரத்தை விரித்துப் பாருங்கள். வாழையிலைக் கட்டில் இத்தனை என்று பேசி வாங்குங்கள். கட்டு என்ற சொல்லுக்கு நிலையான எண் கிடையாது. டஜன் 12, குரோஸ் 144; இரண்டும் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் போய் இங்கே வந்த சொற்கள். பழைய தாள் கணக்கில் குயருக்கு 24 தாள், ரீமுக்கு 480. இப்போது 25, 500. பழைய அச்சக பில்லை இன்றைய விலையோடு ஒப்பிடும்போது இந்த 20 தாளை மறக்கக் கூடாது.

பூவுக்கு முழம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, இரண்டு சாண், சுமார் 18 அங்குலம். பெரிய மார்க்கெட்டில் நூறு முழம் மொத்தமாக எடுப்பவர் யார் கையால் அளப்பது என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கைக்கு ஒரு அங்குலம் குறைந்தால் நூறு முழத்தில் ஐந்து முழத்துக்கு மேல் போய்விடும். இரண்டு முழம் ஒரு கெஜம், 91.4 சென்டிமீட்டர். ஆறு கெஜச் சேலை ஐந்தரை மீட்டர், ஒன்பது கெஜம் 8.2 மீட்டர்.

பண்ருட்டி முந்திரிக்கு வருவோம். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டில் 300 முதல் 320 முழுப்பருப்பு. டபிள்யூ 240 என்றால் 220 முதல் 240. அதனால் எண் பெரிதானால் பருப்பு சிறிது, விலை குறைவு. சோதிப்பது எளிது: 100 கிராம் நிறுத்து எண்ணுங்கள். 320 தரத்தில் 66 முதல் 70 பருப்பு வரும், 240 தரத்தில் 49 முதல் 53. எண்பது தொண்ணூறு வந்தால் தரம் மாறிவிட்டது. முந்திரி என்ற பின்னமும் 1/320, இந்தத் தரமும் 320. தற்செயலான ஒற்றுமைதான், ஆனால் மனதில் நிற்க உதவும். கொட்டை வாங்கும்போது ‘48 அவுட்டர்ன்’ என்பார்கள்: 80 கிலோ மூட்டையிலிருந்து 48 பவுண்டு பருப்பு, அதாவது 21.8 கிலோ. மூட்டை கிலோவில், பருப்பு பவுண்டில். இதைக் கலந்து 48 கிலோ என்று நினைத்து விலை பேசியவர்கள் உண்டு.

இறாலிலும் இதே தர்க்கம். 50 கவுண்ட் என்றால் கிலோவுக்கு 50 இறால், ஒன்று 20 கிராம். ஏற்றுமதிப் பெட்டியில் அதே எண் பவுண்டுக்கு என்று மாறும். எதற்கு என்று கேட்டுவிடுங்கள். நூலில் 40-ஆம் நம்பர் என்றால் 840 கெஜச் சிட்டம் (நூல் சுருள்) நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு. நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

பில் போடும்போது

2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி விலையைச் சொல்வதும் எழுதுவதும் நிலையான அலகில்தான் இருக்க வேண்டும். பேச்சில் வீசையும் முழமும் இருக்கட்டும்; பில்லில் கிலோ, லிட்டர், மீட்டர், எண்ணிக்கை. பழைய நோட்டிலிருந்து கடனோ பங்கோ கணக்கிட்டு எழுதும்போது மட்டும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: முதலில் நோட்டில் உள்ளபடியே ‘பத்தொன்பதரை வீசை’, அடுத்து எந்த வாய்ப்பாடு, கடைசியாக 27.3 கிலோ. வாய்ப்பாட்டை எழுதாமல் முடிவை மட்டும் எழுதினால், அடுத்து படிப்பவர் எங்கே தவறு என்று தேடவே முடியாது.